வீட்டைக் காட்டுவதற்கு முந்தைய வேலைகள்: முகவர்களின் அனுபவப் பகிர்வு

தொடக்கப் பதிவு: விற்பனை முகவர் ஒருவர்

வீடு, மனை விற்பனைத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் பேச்சுத் திறமையைப் பற்றியே கேட்கிறார்கள். உரையாடலை எப்படித் தொடங்குவது, வாடிக்கையாளர் தயங்கினால் என்ன பதில் சொல்வது, முன்பணத்தைப் பற்றி எப்போது பேசுவது என்பவையே அவர்களுடைய ஐயங்கள். என் அனுபவத்தில் நல்ல முகவர்களின் விற்பனையில் பெரும்பகுதி, வாடிக்கையாளர் வாசலில் வந்து நிற்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஆகவே, நீங்கள் விடாமல் கடைப்பிடிக்கும் ஒரு பழக்கத்தையும் அது துணைநின்ற ஒரு சந்திப்பையும் இங்கு எழுதுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் என்னுடையதை எழுதுகிறேன்.

எந்த வீட்டையும் பிறருக்குக் காட்டுவதற்கு முன் நான் தனியாகச் சென்று, காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் பார்த்துவிடுவேன். எந்த அறைக்கு வெயில் வருகிறது, எந்த நேரத்தில் சாலை இரைச்சல் கூடுகிறது என்பவை ஒரே வேளையில் போனால் தெரியாது. குழாய்கள் அனைத்தையும் திறந்து நீரின் வேகத்தைப் பார்ப்பேன். தரையில் ஊற்றிய நீர் தேங்காமல் வடிகிறதா என்று கவனிப்பேன். அலமாரிகளின் பின்புறம், சன்னல்களின் அடிப்பகுதி, குளியலறைக்கு அடுத்த சுவர் ஆகிய இடங்களில் ஓதம் இருக்கிறதா என்று கை வைத்துப் பார்ப்பேன். கண்ட குறைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி, உரிமையாளரிடம் காட்டி, எவற்றைச் சரிசெய்து தருவார், எவற்றை அப்படியே விட்டு விலையில் கழித்துக்கொள்வார் என்று கேட்டறிந்து, அவருடைய ஒப்புதலோடு அந்தத் தாளின் நகலை வீடு பார்க்க வருபவரின் கையில் கொடுத்துவிடுவேன். இதற்கு ஒப்புக்கொள்ளாத உரிமையாளர்களும் உண்டு. அவர்களுடைய வீட்டை விற்கும் பொறுப்பை நான் ஏற்பதில்லை.

ஒருமுறை, வயதான தாயாரை உடன் அழைத்துக்கொண்டு ஒரு தம்பதியர் வீடு பார்க்க வந்தார்கள். கணவர் உள்ளே நுழைந்ததும் சுவர்களைத் தட்டிப் பார்க்கவும் கதவுகளைத் திறந்து மூடவும் தொடங்கினார். அதற்கு முன் வேறொரு வீட்டில் முகவர் கசிவை மறைத்துவிட்டதாகவும், ஒப்பந்தம் எழுதும் கட்டத்தில்தான் அது தெரியவந்ததாகவும் அவருடைய மனைவி சொன்னார். நான் அந்தத் தாளை அவரிடம் நீட்டி, குளியலறையை ஒட்டிய சுவரில் ஓதம் இருக்கிறது, உள்ளே ஒரு குழாய் இணைப்பு தளர்ந்திருப்பதே காரணம், பதிவுக்கு முன் அதை மாற்றித் தர உரிமையாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று சொன்னேன். அவர் தாளை முழுவதும் படித்தார். பிறகு சுவரைத் தட்டுவதை விட்டுவிட்டு, தாயாரின் படுக்கையறையிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியில் படி இருக்கிறதா, சுவரில் கைப்பிடி பொருத்தினால் தாங்குமா என்று கேட்கத் தொடங்கினார். குறை தேட வந்தவர் குடியிருக்கப் போகிறவராக மாறியது அந்த இடத்தில்தான் என்று நான் நம்புகிறேன். அந்த வீட்டை அவர்களே வாங்கினார்கள்.

விற்பவருக்கு மட்டுமே குறை தெரிந்திருக்கும் சந்தையில் என்ன நடக்கும் என்பதை ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-ஆம் ஆண்டுக் கட்டுரையில், பழைய கார்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார். நல்லது எது, பழுதுள்ளது எது என்று பிரித்தறிய முடியாத வாங்குபவர், பழுதுக்கும் சேர்த்தே கழித்து எல்லாவற்றுக்கும் குறைந்த விலை கேட்கிறார். அந்த விலை கட்டுப்படியாகாத காரணத்தால் நல்ல காரை வைத்திருப்பவர் விற்காமல் விலகிக்கொள்கிறார். 2001-ஆம் ஆண்டு அவர் மேலும் இருவருடன் நோபல் நினைவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டதற்கு இத்தகைய ஆய்வே அடிப்படை. முகவர் எழுதித் தரும் ஒரு குறைப்பட்டியல், வாங்குபவர் தன் மனத்தில் கற்பனையாகக் கழித்து வைத்திருக்கும் தொகையை மீட்டுத் தருகிறது என்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

மறுமொழி: விலை மதிப்பீட்டில் நெடுங்கால அனுபவம் உள்ள முகவர்

நண்பர் எழுதியிருப்பதை முழு மனத்தோடு ஏற்கிறேன். அவர் வீட்டின் குறையைத் தாளில் எழுதுகிறார். நான் என் மதிப்பீட்டை எழுதுகிறேன். உரிமையாளர் எதிர்பார்க்கும் விலை என் காதில் விழுவதற்கு முன்பே எழுதிவிடுவது என் வழக்கம்.

இதற்குக் காரணம் இருக்கிறது. கிரிகோரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல் என்ற இரு ஆய்வாளர்கள் 1987-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அமெரிக்காவின் டூசான் நகரில் பணிபுரியும் முகவர்களிடமும் மாணவர்களிடமும் ஒரே வீட்டைக் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். வீட்டைப் பற்றிய விவரங்கள் அனைவருக்கும் ஒன்றே. உரிமையாளர் கேட்கும் விலை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுக்கப்பட்டது. அதிக விலையைப் பார்த்தவர்கள் அதிகமாகவும், குறைந்த விலையைப் பார்த்தவர்கள் குறைவாகவும் மதிப்பிட்டார்கள். தொழில்முறை முகவர்களும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. ஆனால், கேட்கப்பட்ட விலை தங்கள் முடிவைப் பாதித்தது என்று ஒப்புக்கொண்ட முகவர்கள் மிகச் சிலரே. அனுபவம் நம்மைக் காக்கும் என்ற எண்ணத்தை இந்த ஆய்வு அசைத்துவிடுகிறது. ஒரு எண்ணைக் கேட்டுவிட்டால் அதைக் கேளாததுபோல் நினைக்க மனத்தால் முடியாது. ஆகவே கேட்பதற்கு முன்பே, அக்கம்பக்கத்தில் அண்மையில் உண்மையாகக் கைமாறிய வீடுகளின் விலைகளைத் திரட்டி, பரப்பளவு, கட்டடத்தின் வயது, சாலையின் அகலம் ஆகியவற்றுக்கு ஏற்பக் கூட்டியும் கழித்தும் ஒரு தொகையை எழுதி, தேதியிட்டு வைத்துவிடுகிறேன். விளம்பரங்களில் கேட்கப்படும் விலைகளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அவை விற்பவர்களின் விருப்பங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தாம் கட்டிய வீட்டை விற்க என்னை அழைத்திருந்தார். ஒவ்வொரு அறையையும் தாமே முன்னின்று கட்டியதாகச் சொல்லிக் காட்டிவிட்டு, இறுதியில் அவர் சொன்ன விலை என் மதிப்பீட்டைவிட வெகுவாகக் கூடுதலாக இருந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. முன்பே எழுதி வைத்திருந்த தாளை எடுத்து, "ஐயா, உங்கள் விலையைக் கேட்பதற்கு முன்பே எழுதியது இது; உங்களைத் தாழ்த்துவதற்காக இப்போது சொல்வதன்று" என்று சொல்லி, ஒப்பிட்ட வீடுகளை வரிசையாக விளக்கினேன். அவர் சற்று நேரம் கணக்கைச் சரிபார்த்தார். ஆசிரியர் அல்லவா, ஓரிடத்தில் பரப்பளவைக் கணக்கிட்ட முறையைக் கேள்வி கேட்டு, பின்பு அதை ஒப்புக்கொண்டார். என் தொகைக்குச் சற்று மேலே விலை வைத்து விளம்பரம் செய்ய உடன்பட்டோம். மிகை விலையில் தொடங்கும் வீடு நீண்ட நாள் சந்தையில் கிடந்தால், அதில் ஏதோ குறை இருக்கிறது என்று வாங்குபவர்கள் ஐயப்படத் தொடங்கிவிடுவார்கள் என்பதையும் அவரிடம் எடுத்துச் சொன்னேன். இது அவருக்கு உடனே புரிந்தது.

மறுமொழி: வாடகை, விற்பனை இரண்டிலும் பணிபுரிபவர்

என்னுடைய பழக்கம் எளியது. விசாரித்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்லிவிடுவேன். விவரம் கையில் இல்லையென்றால், எப்போது சொல்ல முடியும் என்பதையாவது தெரிவித்துவிடுவேன். இணையம் வழியாக வரும் விசாரணைகளைப் பற்றி 2011-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொண்ட நிறுவனங்கள், அதற்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் தொடர்புகொண்டவற்றைவிட, முடிவெடுக்கும் நிலையில் உள்ளவரோடு பொருளுள்ள உரையாடலை நடத்தும் வாய்ப்பை ஏறத்தாழ 7 மடங்கு பெற்றிருந்தன என்று கண்டது. இரவுப் பணி செய்யும் செவிலியர் ஒருவர் பின்னிரவில் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். விடிந்ததும் என் பதிலைக் கண்ட அவர், பணி முடிந்து வீடு திரும்பும் வழியிலேயே வந்து வீட்டைப் பார்த்துவிட்டார். பலர் பகலில் அழைத்துத் தம் தூக்கத்தைக் கெடுத்ததாகச் சொன்னார். அன்றுமுதல், தொடர்புகொள்ள ஏற்ற நேரம் எது என்பதையும் என் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறேன்.

மறுமொழி: வீடு விற்ற ஒருவர்

நான் முகவர் இல்லை. ஆயினும் இருவரிடம் பழகியவள் என்ற முறையில் எழுதலாம் என்று நினைக்கிறேன். முதலில் வந்த முகவர், தொடக்கத்திலேயே கிடைத்த ஒரு விலையை உடனே ஏற்கும்படி வற்புறுத்தினார். அது ஏன் நல்ல விலை என்று கேட்டதற்கு அவரிடம் விளக்கம் இல்லை. அதன்பின் இரண்டாமவரை நாடினேன். அவர் முதல் சந்திப்பிலேயே தமது தரகுத் தொகை எவ்வாறு இயங்குகிறது என்பதை ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டினார். வீட்டின் விலை 100 என்றும் தரகு 2 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். மேலும் சில வாரங்கள் உழைத்து விலையை 105 ஆக்கினால், உரிமையாளருக்குக் கூடுதலாகக் கிடைப்பது 4.9, முகவருக்குக் கிடைப்பதோ 0.1 மட்டுமே. "எனவே விரைவாக முடித்துவிட வேண்டும் என்ற தூண்டுதல் எனக்கு எப்போதும் இருக்கும், நான் அவசரப்படுத்துவதாகத் தோன்றினால் தயங்காமல் கேளுங்கள், அம்மா" என்றார்.

தம்மை ஐயப்படுவதற்கான காரணத்தைத் தாமே எடுத்துச் சொன்ன அவரை நான் முழுமையாக நம்பினேன். இந்தத் தூண்டுதல் கற்பனை அல்ல என்பதைப் பின்னர் படித்து அறிந்தேன். ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் ஆகியோர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், சிகாகோ வட்டாரத்தில் நடந்த ஏறத்தாழ 1,00,000 வீட்டு விற்பனைகளை ஒப்பிட்டபோது, முகவர்கள் தங்கள் சொந்த வீடுகளைப் பிறருடைய வீடுகளைவிட ஏறத்தாழ 9.5 நாட்கள் கூடுதலாகச் சந்தையில் வைத்திருந்து, 3.7 விழுக்காடு கூடுதல் விலைக்கு விற்றிருந்தது தெரியவந்தது.

அவரிடம் நான் மதித்த மற்றொன்று, வாரம் தவறாமல் அவர் அனுப்பிய அறிக்கை. எத்தனை பேர் வந்தார்கள், என்ன குறை சொன்னார்கள், ஏன் வாங்கவில்லை என்பவை அதில் இருக்கும். யாரும் வராத வாரத்திலும் யாரும் வரவில்லை என்று எழுதி அனுப்புவார். வீட்டை விற்கக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவருக்குச் செய்தி இல்லாத வாரம்தான் மிகக் கடினமானது. அதை அவர் அறிந்திருந்தார். சமையலறை இருட்டாக இருக்கிறது என்று பலர் சொன்னதை அந்த அறிக்கைகளில் கண்ட பிறகே, சன்னலை மறைத்திருந்த அலமாரியை அகற்றினேன்.

மறுமொழி: பத்திர ஆய்வில் கவனம் செலுத்தும் முகவர்

இதுவரை எழுதியவர்கள் சொல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன். விளம்பரம் செய்வதற்கு முன்பே உரிமைப் பத்திரங்களை வாங்கி, விற்பனைக்குக் கையெழுத்திட வேண்டியவர்கள் யார் யார் என்று பெயர்ப்பட்டியல் எழுதிவிடுவேன். சட்டக் கருத்துச் சொல்வது வழக்கறிஞரின் பணி, அதில் நான் தலையிடுவதில்லை. ஆனால் எந்த ஆவணம் இல்லை, யாருடைய ஒப்புதல் இன்னும் கிடைக்கவில்லை என்பதை முகவரால் முன்கூட்டியே கண்டறிய முடியும். விலை பேசி முடித்து, வாங்குபவர் வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்த பிறகு தடை வெளிப்பட்டால், இரு தரப்பாருடைய பணமும் மன அமைதியும் வீணாகின்றன.

பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டை விற்க ஓர் அண்ணன் என்னிடம் வந்தார். உடன்பிறந்தவர்கள் அனைவருக்கும் சம்மதம் என்றார். பட்டியலை எழுதும்போது, வெளிநாட்டில் வாழும் தங்கையிடம் அவர் நேரடியாகப் பேசவே இல்லை என்பது தெரிந்தது. அவருடைய அனுமதியோடு நான் அந்தத் தங்கையை அழைத்துப் பேசினேன். விற்பதில் அவருக்கு எதிர்ப்பு இல்லை. தம்மைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டார்களே என்ற வருத்தமே இருந்தது. தாயாரின் தையல் இயந்திரத்தைத் தமக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று கேட்டார். அண்ணன் அன்றே அவரை அழைத்து நெடுநேரம் பேசினார். தங்கையின் சார்பில் கையெழுத்திடும் உரிமையைத் தரும் அதிகாரப் பத்திரம் முறைப்படி வந்து சேர்ந்த பிறகுதான் விளம்பரத்தை வெளியிட்டேன். முதலில் விலை பேசிய குடும்பத்துக்கே எந்தத் தடையும் இல்லாமல் பதிவு முடிந்தது.