டெரெக் ஷாக்கில்டன்: 2857 விக்கெட் எடுத்தவருக்கு ஏழே டெஸ்ட் ஆட்டங்கள் ஏன்?

கேள்வி

முதல்தர கிரிக்கெட்டில் (கவுன்டி, டெஸ்ட் போன்ற பல நாள் ஆட்டங்களில்) அதிக விக்கெட் எடுத்தவர்களின் பட்டியலில் எட்டாவது இடத்தில் இருப்பவர், இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் கவுன்டி (மாவட்ட) அணிக்கு ஆடிய மிதவேகப் பந்துவீச்சாளர் டெரெக் ஷாக்கில்டன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆடத் தொடங்கியவர்களில் அவரை மிஞ்சியவர் எவரும் இல்லை. 1949 முதல் 1968 வரை, ஒரு பருவம்கூடத் தவறாமல், இருபது பருவங்களிலும் நூறு விக்கெட்டுகளைத் தொட்டிருக்கிறார்; வில்ஃப்ரட் ரோட்ஸ் மொத்தத்தில் 23 முறை அதைச் செய்திருந்தாலும் இப்படித் தொடர்ச்சியாகச் செய்ததில்லை. ஆனால், முதல்தர ஆட்டங்களில் விக்கெட்டுக்கு 18.65 ரன் கொடுத்தவர், டெஸ்டில் 42.66 ரன் கொடுத்து 18 விக்கெட்டுகளோடு நின்றுவிட்டார். 1951 நவம்பரில் நடந்த டெல்லி டெஸ்டுக்குப் பிறகு 1963 ஜூன் வரை அவருக்கு அழைப்பே இல்லை. தேர்வுக் குழுவின் பிழையா, அல்லது கவுன்டி விக்கெட்டுகள் அவ்வளவு எளிதாகக் கிடைத்தனவா?

பதில் 1

எளிதாகக் கிடைத்தன என்று சொல்வதற்கில்லை. அக்காலத்தில் ஆடுகளங்களை மழையிலிருந்து முழுமையாக மூடி வைக்கும் வழக்கம் இல்லாததால், ஈரம் காயும் களத்தில் பந்தின் தையல் தரையில் பட்டு இருபுறமும் விலகியது உண்மைதான். ஆனால் அந்த உதவி எல்லோருக்கும் பொதுவாகவே கிடைத்தது. மூன்று நாள் ஆட்டம் ஒன்றை முடித்த கையோடு அடுத்த ஊருக்குப் போய் மறுநாளே பந்து வீச வேண்டிய கோடைகளில், ஆயிரம் ஓவர்களுக்கு மேல் வீசியும் அளவும் திசையும் பிசகாமல் இருந்ததுதான் அவருடைய சரக்கு. குறுகிய ஓட்டம், பக்கவாட்டில் திரும்பிய உடல், வாரிய வகிடு கலையாத தலை. மட்டையாளரைக் காத்திருந்தே சலிக்க வைப்பவர். 1955-இல் வெஸ்டன்-சூப்பர்-மேரில் சாமர்செட்டை 37 ரன்னுக்குச் சுருட்டியபோது, 4 ரன் மட்டும் கொடுத்து 8 விக்கெட் எடுத்தார்.

டெஸ்ட் அணியின் தேவையோ வேறு. முதலில் மிதவேகத்துக்கு அலெக் பெட்சர் இருந்தார். பிறகு வேகப்பந்து வீச்சாளர்கள் ஸ்டாத்தம், ட்ரூமன், டைசன் வந்துவிட்டார்கள். இறுக்கிப் பிடிக்கும் மிதவேகத்துக்கு, மட்டையும் பிடிக்கத் தெரிந்த ட்ரெவர் பெய்லி இருந்தார். காய்ந்த, உயிரற்ற களத்தில் ஷாக்கில்டனின் வேகம் போதாது என்ற எண்ணமும் வலுவாக இருந்திருக்கும். அந்த டெல்லி டெஸ்டில் இந்தியாவின் மெர்ச்சன்ட் 154 ரன்னும், ஹசாரே ஆட்டமிழக்காமல் 164 ரன்னும் எடுத்ததை மறந்துவிடக் கூடாது.

பதில் 2

முந்தைய பதிலின் முதல் பாதியை ஏற்கிறேன். இரண்டாம் பாதி தேர்வாளர்களுக்குத் தேவைக்கு மேல் சலுகை தருகிறது. மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான 1963 லார்ட்ஸ் டெஸ்டுக்கு அவரை அழைத்தபோது அவருக்கு வயது 38. முதல் இன்னிங்ஸில் ஐம்பது ஓவர்களுக்கு மேல் வீசி, கடைசி மூன்று விக்கெட்டுகளை நான்கே பந்துகளில் சாய்த்தார். இரண்டாவதில் 72 ரன்னுக்கு 4 விக்கெட். ட்ரூமன் அந்த ஆட்டத்தில் 11 விக்கெட் எடுத்ததற்கு, மறுமுனையில் ரன் வராமல் இவர் அடைத்து வைத்ததும் ஒரு காரணம் என்பேன். பதினோரு ஆண்டு புறக்கணிப்புக்குப் பிறகு இதைச் செய்தவர், முப்பது வயதில் என்ன செய்திருப்பார்?

ஆனால் அந்த ஆட்டத்தில் மக்கள் நினைவில் வைத்திருப்பது அவருடைய பந்துவீச்சை அல்ல, ஓட்டத்தைத்தான். கடைசி ஓவரில் இங்கிலாந்துக்கு எட்டு ரன் தேவை; வீசியவர் வெஸ் ஹால். ஷாக்கில்டன் எதிர்கொண்ட நான்காவது பந்து மட்டையில் படாமல் விக்கெட் கீப்பரிடம் போனது. எதிர்முனையிலிருந்து டேவிட் ஆலன் ஓடி வந்துவிட்டார். பந்தைக் கையில் வாங்கிய மேற்கிந்தியத் தீவுகளின் தலைவர் ஃபிராங்க் வோரல், எறிந்தால் தவறிவிடுமோ என்று, தானே எதிர்முனை ஸ்டம்பை நோக்கி ஷாக்கில்டனோடு போட்டி போட்டு ஓடினார். வென்றது வோரல். இருவரும் 1924 ஆகஸ்டில் பிறந்தவர்கள். அதிலும் வோரல்தான் பதினொரு நாள் மூத்தவர்! ஹாலின் பந்தில் கை முறிந்திருந்த கவுட்ரி கட்டுடன் இறங்கி எதிர்முனையில் நிற்க, ஆலன் மிச்ச இரண்டு பந்துகளையும் தடுத்தாட, இலக்குக்கு ஆறு ரன் குறைவில் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. லார்ட்ஸ் ஆட்டத்தில் ரன் அவுட் ஆனவர் என்று மட்டுமே அறிந்திருந்தேன். அதே ஆட்டத்தில் ஏழு விக்கெட் எடுத்தவரும் அவர்தான் என்பது இப்போதுதான் உறைக்கிறது. அவர் மட்டையாளராகத்தான் ஹாம்ப்ஷயருக்கு வந்தார் என்று எங்கோ படித்தேன். அது உண்மையா?

பதில் 3

உண்மைதான். யார்க்ஷயரின் டாட்மோர்டன் ஊரைச் சேர்ந்த அவர், மட்டையாளராகவும் அவ்வப்போது லெக் ஸ்பின் போடுபவராகவும்தான் வந்தார். 1948-இல் அணியில் வேகப்பந்து வீச ஆள் இல்லாத நெருக்கடியில்தான் அவர் கையில் புதுப்பந்து வந்தது. 1950-இல் டிரென்ட் பிரிட்ஜில் ஆடிய முதல் டெஸ்டில் 42 ரன் எடுத்ததில் அந்தப் பழைய மட்டையாளரின் சாயல் தெரிகிறது.

டெஸ்ட் கணக்கை மட்டும் வைத்து அவரை அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1895 முதல் கவுன்டி சாம்பியன்ஷிப்பில் ஆடிவந்த ஹாம்ப்ஷயர், சர்ரேயும் யார்க்ஷயரும் கோப்பையைத் தங்களுக்குள்ளேயே வைத்திருந்த காலத்தை முடித்து, 1961-இல்தான் முதன்முறையாகப் பட்டம் வென்றது. தலைவர் இங்கிள்பி-மெக்கன்சியின் துணிச்சலான டிக்ளேர் முடிவுகளையும் (விக்கெட் மிச்சமிருக்கும்போதே இன்னிங்ஸை முடித்துக்கொள்வதையும்) ராய் மார்ஷலின் மட்டையையும் எல்லோரும் புகழ்வார்கள். எதிரணிக்கு எட்டும் இலக்கை வைத்து ஆசை காட்ட ஒரு தலைவரால் முடிந்ததென்றால், ஒரு முனையை ஷாக்கில்டன் பூட்டி வைப்பார் என்ற நம்பிக்கை அதற்குப் பின்னால் இருந்தது. போர்ன்மவுத்தில் டெர்பிஷயரை வீழ்த்திப் பட்டத்தை உறுதி செய்த கடைசி இன்னிங்ஸிலும் அவர் ஆறு விக்கெட் எடுத்தார். ஹாம்ப்ஷயருக்காக அவர் எடுத்த 2669 விக்கெட்டுகள்தான் இன்றும் அந்தக் கவுன்டியின் சாதனை.