ஸ்லீவ் சர்ஜரிக்கு முன் மனநல மதிப்பீடு: என்ன கேட்பார்கள், எதற்காகத் தள்ளிப் போடுவார்கள்?

வைகைக்கரை:
தங்கைக்கு வயசு 31. உயரம் 160 செ.மீ., எடை 108 கிலோ, உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு காட்டற பி.எம்.ஐ. 42. சர்க்கரையும், தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிக்கற ஸ்லீப் ஆப்னியாவும் இருக்கு. எடை குறைய இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கற ஸ்லீவ் ஆபரேஷன் பண்ணலாம்னு சர்ஜன் சொல்லிட்டார். தேதி குறிக்க மனநல மதிப்பீட்டு ரிப்போர்ட் வேணுமாம். அவ ரெண்டு வருஷமா டிப்ரஷனுக்கு செர்ட்ராலின் 100 மி.கி. எடுக்கறா. ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் எழுந்து சாப்பிடற பழக்கமும் உண்டு. இதைச் சொன்னா ஆபரேஷன் கூடாதுன்னு எழுதிடுவாங்கன்னு பயந்து மறைக்கப் பார்க்கறா. என்னதான் கேட்பாங்க? மாத்திரையை முன்கூட்டியே நிறுத்தணுமா?

கோவைக்காரி:
மறைக்க வேண்டாம் சகோ. டிப்ரஷன் மருந்தில் கட்டுக்குள் இருந்தால் அது தடையே இல்லை. தள்ளிப் போட வைப்பவை வேறு: தற்கொலை எண்ணம் அல்லது சமீபத்திய முயற்சி, கட்டுக்குள் வராத சைக்கோசிஸ் (இல்லாததை நிஜமென நம்பும் மனநோய்) அல்லது பைபோலார் (மனநிலை மிகையாக ஏறி இறங்கும் நோய்), சிகிச்சையே எடுக்காத கடும் டிப்ரஷன், குடி, போதை மருந்துப் பழக்கம், சாப்பிட்டதை வலிய வாந்தி எடுக்கும் புலிமியா. இவையும் பெரும்பாலும் "சிகிச்சை எடுத்துவிட்டு வாருங்கள்" என்பதில்தான் முடியும், அடியோடு மறுப்பதில் அல்ல.

பேச்சு ஒன்றிரண்டு மணி நேரம் போகும். எந்த வயதில் எடை ஏறத் தொடங்கியது, எந்தெந்த டயட் இருந்தார், குறைந்த எடை ஏன் திரும்பியது என்று ஆரம்பித்து, நேற்று காலை முதல் படுக்கும் வரை சாப்பிட்டதை வரிசையாகச் சொல்லச் சொல்வார்கள். பிறகு மனநிலை, பழைய காயங்கள், மது, புகையிலை, வீட்டில் யார் சமைக்கிறார்கள், அறுவைக்குப் பின் யார் துணை என்பதெல்லாம் வரும். கூடவே படிவங்கள். டிப்ரஷனை அளக்கும் பி.எச்.க்யூ.-9 படிவத்தில் ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிப்பார்கள். ஆனால் களைப்பு, தூக்கக் கேடு, பசி மாற்றம் மூன்றும் அதில் கேள்விகள். ஆப்னியா உள்ளவருக்கு அதனாலேயே மதிப்பெண் ஏறும். அதனால் அனுபவமுள்ளவர் கூட்டுத்தொகையோடு நிறுத்தாமல் எந்தக் கேள்வியில் ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். ஒன்பதாவது கேள்வி செத்துப்போகலாம் என்ற எண்ணம் பற்றியது. அதற்குப் பூஜ்யம் தவிர எந்தப் பதில் வந்தாலும் தனியாக உட்கார்த்திக் கேட்பார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டை விவரமாகச் சொல்லச் சொல்லுங்கள், ஏனென்றால் அதில் மூன்று வகை உண்டு. ஒரே மூச்சில் ஏராளமாக, நிறுத்த முடியாமல் சாப்பிடுவது, வாரம் ஒரு தடவையாவது, மூன்று மாதமாக என்றால் பிஞ்ச் ஈட்டிங். நாளின் உணவில் கால் பங்குக்கு மேல் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போனாலோ, வாரத்தில் இரண்டு இரவாவது தூக்கத்திலிருந்து விழித்து, தெரிந்தே சாப்பிட்டாலோ அது இரவு உண்ணும் கோளாறு. காலையில் பாத்திரம் காலியாகக் கிடப்பதைப் பார்த்துத்தான் சாப்பிட்டதே தெரிகிறது என்றால் கதை வேறு: ஸோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரை எடுக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு. ஆப்னியாவால் தூக்கம் கலைந்துதான் எழுகிறாரா என்பதையும் கேட்க வேண்டும். பிஞ்ச் என்றால் அது அடங்கிய பிறகே அறுவை என்பது என் கருத்து.

இலைச்சோறு:
கடைசி வரியில் மட்டும் நான் மாறுபடறேன் கோவைக்காரி. அறுவைக்கு முன்னாடி இருக்கற பிஞ்சை வச்சு எடை எவ்வளவு குறையும்னு கணிச்சுப் பார்த்த ஆய்வுகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலை. அறுவைக்குப் பிறகு கட்டுப்பாடு இழந்து சாப்பிடறது திரும்ப வருதா என்பதுதான் எடை ஏறுறதோட தெளிவா சேர்ந்து வருது. சர்க்கரையும் ஆப்னியாவும் இருக்கறவங்களை மாசக்கணக்கில் காக்க வைக்கறதும் ஆபத்துதான். எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்தப் பழக்கற சி.பி.டி. என்கிற பேச்சுத் தெரபியைத் தொடங்கி, அறுவைக்குப் பிறகும் விடாம நடத்தலாம்.

ஸ்லீவுக்குப் பிறகு ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிட உடம்பு விடாது. அதனால பழக்கம் உருமாறும்: ஒரு கைப்பிடி மிக்சர், அரை மணி கழிச்சு ரெண்டு முறுக்கு, அப்புறம் சர்க்கரை போட்ட காபி, ஐஸ்கிரீம். இட்லி தொண்டையில நிக்கும், ஐஸ்கிரீம் வழுக்கிட்டு இறங்கிடும். எடை திரும்ப ஏறுறது பெரும்பாலும் இந்த வழியாத்தான். மதிப்பீட்டில் உங்க தங்கைகிட்ட "கோபம் வந்தா, தனியா இருந்தா என்ன செய்வீங்க?"ன்னு கேட்கறது இதுக்காகத்தான்.

இப்பவே ரெண்டு வாரம் ஒத்திகை பார்க்கச் சொல்லுங்க. சின்ன ஸ்பூன், ஒரு வேளைக்கு 20 நிமிஷம், சாப்பாட்டோட தண்ணி கிடையாது, சாப்பிட்டு அரை மணி கழிச்சுத்தான். புரதம் நாளுக்கு 60 கிராமாவது வேணும். சைவ வீடுன்னா வே பவுடர் (பாலிலிருந்து எடுக்கற புரதப் பொடி) இல்லாம முதல் மாசங்களில் அந்த அளவு எட்டறது கஷ்டம். எங்க தடுக்குதுன்னு ஒரு நோட்டில எழுதி சைக்காலஜிஸ்ட்டுக்கும் டயட்டீஷியனுக்கும் காட்டட்டும். விசேஷ வீட்டில் "இன்னும் ஒரு கரண்டி"ன்னு ஊற்ற வர்ற அத்தைக்குச் சொல்ற பதிலையும் சேர்த்துப் பழகணும்.

மருந்துச்சீட்டு:
செர்ட்ராலினைத் தானாக நிறுத்தக் கூடாது. திடீரென விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரும்; அறுவை நேரத்தில் டிப்ரஷன் திரும்பினால் இன்னும் மோசம். எடை குறைப்புக்கான இன்னொரு அறுவையான இரைப்பை பைபாஸுக்குப் பிறகு முதல் மாதங்களில் இந்த வகை மருந்துகளின் ரத்த அளவு குறையலாம், ஸ்லீவில் இந்தப் பாதிப்பு குறைவு. மனநிலை சரிவது தெரிந்தால் உடனே அளவை மாற்ற சைக்யாட்ரிஸ்ட் தயாராக இருக்க வேண்டும். மெதுவாகக் கரையும் எக்ஸ்.ஆர்., எக்ஸ்.எல். மாத்திரைகளை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. அவற்றைச் சாதா மாத்திரைக்கோ திரவத்துக்கோ முன்பே மாற்ற வேண்டும். பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியம் எடுப்பவர்களுக்கு உடலில் நீர் குறைந்தால் ரத்த அளவு நச்சு அளவுக்கு ஏறிவிடும், ஆரம்ப வாரங்களில் அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும்.

வீட்டில் தெரிந்திருக்க வேண்டியது இன்னொன்று. அறுவைக்குப் பிறகு வாந்தி நாள்கணக்கில் நீடித்து, அதோடு குழப்பமான பேச்சு, தள்ளாட்டம், இரட்டைப் பார்வை வந்தால் அதை மனநோய் என்று நினைத்துவிடாதீர்கள். தயமின், அதாவது வைட்டமின் பி1, குறைந்து மூளை பாதிக்கப்படும் அவசர நிலை அது. குளுக்கோஸ் டிரிப்புக்கு முன்பே தயமின் ஊசி போட வேண்டும்.

வைகைக்கரை:
மூணு பேருக்கும் நன்றி. ஒண்ணு விட்டுப்போச்சு. கல்யாணப் பேச்சு நடக்குது, அதுக்குள்ள எடை குறையணும்னு வீட்டில் அவசரம். சைக்காலஜிஸ்ட்டா, சைக்யாட்ரிஸ்ட்டா, யாரைப் பார்க்கணும்?

கோவைக்காரி:
மதிப்பீட்டுக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மருந்து எடுப்பதால், இப்போது பார்க்கும் சைக்யாட்ரிஸ்ட்டிடம் நோய், மருந்தின் அளவு, எத்தனை நாளாக நிலையாக இருக்கிறார் என்று ஒரு கடிதமும் வாங்குங்கள்.

கல்யாண அவசரத்தைத் தங்கையே சொல்லட்டும். அறுவை அவருடைய விருப்பமா என்று தனியாக வைத்துக் கேட்பார்கள். நீங்கள் வெளியே இருங்கள். அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் கர்ப்பம் கூடாது என்பதைப் பெரியவர்களிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

மறைக்கக் கூடாது என்று நான் அழுத்துவதற்குக் காரணம் உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் அறுவை செய்துகொண்டவர்களைப் பார்த்து 2016இல் வெளியான ஆய்வில், அறுவைக்குப் பிறகு தற்கொலை முயற்சி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது போன்றவற்றால் அவசரப் பிரிவுக்கு வருவது கூடியிருந்தது. அப்படி வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அறுவைக்கு முன்பே மனநலப் பிரச்சினை கண்டறியப்பட்டவர்கள். பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் நடந்தவை. எடை இறங்கும் சந்தோஷத்தில் எல்லோரும் செக்கப்பை நிறுத்திவிடும் காலம் அது. மது உடலில் வேகமாக ஏறி, பழக்கம் முற்றுவதும் இரண்டாம் ஆண்டில்தான் கூடுவதாகத் தெரிகிறது.

அதனால் ரிப்போர்ட் வாங்கும்போதே அறுவைக்குப் பின் எந்தெந்த மாதம் யாரைப் பார்க்க வேண்டும், எந்த அறிகுறி வந்தால் அன்றே வர வேண்டும் என்பதை, இரண்டாம் ஆண்டுக்கும் சேர்த்து, எழுதித் தரச் சொல்லுங்கள்.