பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் முறைத் தண்ணீர்: உங்கள் அனுபவம் என்ன?

கடைமடைக்காரன், வெள்ளகோவில் பக்கம்

பாசன சபைத் தேர்தல், திட்டக்குழுக் கூட்டம் எல்லாம் பேப்பரில் வருகிறது. வாய்க்கால் மேட்டில் நடப்பது வருவதில்லை. அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

இந்தத் திட்டத்தின் பாலாறு படுகையில் (உடுமலைப் பக்கத்துப் பாலாறு) ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், 3.77 லட்சம் ஏக்கர். நாலு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடுவதால், ஒரு காட்டுக்கு (எங்கள் பக்கம் விளைநிலத்தைக் காடு என்போம்) இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் தண்ணீர். அதுவும் திருமூர்த்தி அணையில் திறந்தது நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி எங்களிடம் வரவேண்டும்.

ஒரு சுற்றில் முழங்கால் அளவு வரவேண்டியது கணுக்காலுக்குத்தான் வந்தது. வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடும் லஸ்கரைக் கேட்டால், "மேலே சரியாத்தானுங்க விட்டிருக்காங்க" என்கிறார். சரி, பார்த்துவிடலாம் என்று ஐந்து பேர் ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச்சோடு கிளம்பினோம். பைக் போகும் வரை பைக், அப்புறம் நடை. இரண்டு மணி வாக்கில் ஒரு வளைவில் தென்னை மட்டை குவிந்து கிடந்தது. சுற்றிலும் ஒரு தென்னை கிடையாது. மட்டையை இழுத்தால் அடியில் நாலு இஞ்ச் ஹோஸ். கையை வைத்தால் சில்லென்று அதிர்கிறது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு கிணறு, கிணற்று மேட்டில் கயிற்றுக் கட்டில், கட்டிலில் எங்கள் பெரியம்மா வீட்டுச் சம்பந்தி!

"வாங்க மாப்பிள்ளை" என்று எழுந்து உட்கார்ந்தார். அவரே ஹோஸை உருவினார், டீ போடச் சொன்னார். கூட வந்த பையன் போலீசுக்குப் போகலாம் என்று துள்ளினான். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான்.

தலைமடை, உடுமலை

நான் அந்த ஹோஸ் பக்கத்து ஆள். மறைக்க ஒன்றுமில்லை. வாய்க்காலை ஒட்டிக் கிணறு இருந்தால் கை சும்மா இருக்காது.

எங்கள் சபைத் தலைவர் ஒரு வேலை செய்தார். கூட்டத்தில் பேசிப் பேசி அலுத்துப்போய், எங்களில் பத்துப் பேரை வேனில் ஏற்றிக் கடைமடைக்குக் கூட்டிப்போனார். கதிர் பிடிக்கிற நேரத்து மக்காச்சோளம், இலையெல்லாம் சுருண்டு குழல் மாதிரி நின்றது. கொப்பு வாய்க்காலில் ஆட்டுக்குட்டி படுத்திருந்தது. ஒரு பாட்டி எல்லோருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நீங்கதான் மேலே இருக்கிற தண்ணிக்காரங்களாங்க?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டார். பத்துப் பேரும் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்து, எங்கள் மடை அருகே இருந்த மூன்று ஹோஸில் இரண்டை எடுத்தோம். மூன்றாவது கிணறு என் பெரியப்பா பெயரில் இருக்கிறது. அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

அம்மிணி, காங்கயம்

ஆண்கள் ஹோஸ் பிடித்த கதையாகவே போகிறது. நான் கடிகாரக் கதை சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் அவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர். காட்டு வேலை நானும் மாமியாரும். பட்டா மாமனார் பெயரில், அதனால் பாசன சபையில் ஓட்டும் மாமனாருக்குத்தான். முறைச்சீட்டில் எங்கள் நேரம் ராத்திரி 1.10 முதல் 3.40 வரை. ஆனால் மடையில் திருப்பிய தண்ணீர் காட்டு வாயை எட்டும்போது மணி ஒன்றரை தாண்டிவிடும். அந்த நேரமும் எங்கள் கணக்கில்தான் போகும். மடைக்கு அடுத்த காட்டுக்காரருக்கு இந்த நஷ்டமே இல்லை.

மாமனாருக்கு உடம்பு சரியில்லாத ஒரு கூட்டத்துக்கு நான் போய் இதைச் சொன்னேன். சிரித்தார்கள். "தண்ணி நடந்து வர்றதுக்குக் கூலி கேக்குறியா அம்மிணி?" என்றார் ஒருவர். ஒரு பெரியவர் மட்டும், "சிரிக்காதீங்கப்பா, பார்த்துடலாம்" என்று மறுநாள் வாட்சோடு வந்தார். வறண்ட வாய்க்காலில் தண்ணீரைத் திருப்பி, முன்னால் தள்ளிக்கொண்டு போகிற சருகு நுரையோடு நானும் அவரும் கரையில் நடந்தோம். எங்கள் காட்டு வாய்க்கு வர 22 நிமிஷம். அடுத்த சுற்றிலிருந்து தூரத்துக் காடுகளுக்கு ஓட்ட நேரம் சேர்த்துச் சீட்டு எழுதினார்கள். சீட்டில் பெயர் மட்டும் இன்னும் மாமனார் பெயர்தான்.

சித்தூர்க்காரன், பாலக்காடு

எல்லை தாண்டி நாங்களும் தமிழ்தான் பேசுகிறோம், ஆழியாற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறோம். 1970 ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் வருஷத்துக்கு 7.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி) கேரளத்துக்கு, அதாவது எங்களுக்கு, வரவேண்டும். கணக்கு பார்ப்பது இரண்டு மாநிலத்து அதிகாரிகள். விவசாயிக்குத் தெரிவது, "வரவில்லை", "விட்டோம்" என்ற இரண்டு வார்த்தைதான்.

ஒரு வறட்சியில் நாங்கள் சாலையில் உட்கார்ந்து கோஷம் போட்டோம். அதற்கு முந்தின வாரம் பொள்ளாச்சிச் சந்தையில் எனக்கு மாடு விற்றவர் அந்த வழியாக வந்து மாட்டிக்கொண்டார். "என்னையும் திட்டறீங்களா?" என்றார். அப்புறம் அவரே ஒருநாள் ஆழியாறு அணைக்குக் கூட்டிப்போனார். தண்ணீர் நிற்கவேண்டிய இடத்தில் மாடு மேய்ந்தது. அணை கட்டுவதற்கு முன்பே ஆற்றுப் பாசனம் செய்த பழைய ஆயக்கட்டுக்காரர்களும் அங்கே எங்களைப் போலவே கத்திக்கொண்டிருந்தார்கள். கோஷம் போடுவதை நான் விடவில்லை. ஆனால் போடுவதற்கு முன்னால் அவருக்குப் போன் செய்து, "அணையில் எவ்வளவு நிற்குது?" என்று கேட்டுவிடுகிறேன்.

கடைமடைக்காரன்

சித்தூர் அண்ணா, 2022 செப்டம்பர் 21 ஞாபகம் இருக்கிறதா? பரம்பிக்குளம் அணையின் ஷட்டர் உடைந்து, சுமார் 6 டிஎம்சி சாலக்குடி ஆற்று வழியாகப் போன நாள். நாலு இஞ்ச் ஹோஸை எண்ணிக்கொண்டிருந்த எங்கள் ஊரில் அன்றைக்கு யாரும் பேசவே இல்லை.

அம்மிணி, அந்த 22 நிமிஷத்தை எப்படி அளந்தீர்கள்? எங்கள் மடையிலும் பார்க்கவேண்டும். கொட்டாங்குச்சி மிதக்க விடலாமா?

அம்மிணி

வேண்டாங்கண்ணா, புல்லில் சிக்கி நின்றுவிடும். தண்ணியோட முன் நுனியைப் பார்த்துக்கொண்டே நடங்க. புதர் வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை, வெட்டினதுக்கு அப்புறம் ஒரு தடவை அளங்க. எங்களுக்கு ஆறு நிமிஷம் குறைந்தது.