ட்ரம்பெட்டும் எக்காளமும் ஒண்ணாம்ல? பட்டன் எங்கய்யா?

மவுத்பீஸ் மணி: நேத்து அகராதி அண்ணாச்சி ஒரு பதிவு போட்டிருந்தாரு, ‘ட்ரம்பெட்ங்கிற சொல்லே நமக்கு வேண்டாம், எக்காளம்னு இருக்கு, ரெண்டும் ஒரே கருவி, இனி கல்யாணப் பத்திரிகைலயும் அப்படியே அடிங்க’ன்னு. படிச்சதுலேருந்து பத்திக்கிட்டு வருது. 22 வருஷமா பேண்டு செட்டுல ட்ரம்பெட் வாசிக்கிறவன் நான். ட்ரம்பெட்ல மூணு பட்டன் இருக்கு, அமுக்குனா காத்து இன்னொரு வளையத்துக்குள்ள சுத்திட்டு வரும், குழாய் நீளம் கூடும், சுருதி இறங்கும். நடு பட்டன் அரைக்கட்டை, மொத பட்டன் ஒரு கட்டை, மூணாவது ஒன்றரை. எக்காளம் நீட்டமா ஒரு குழாய், அவ்வளவுதான். அதுல பட்டன் எங்கய்யா இருக்கு?

அகராதி அண்ணாச்சி: தம்பி, உதட்ட அதிரவச்சு ஊதுற உலோகக் குழல், அதான் அந்த இனம். பட்டன்லாம் பின்னால வந்த வசதி. 1818லதான் ஜெர்மன்காரங்க ராஜ்யமான பிரஷ்யாவுல ஸ்டோல்ட்செல், ப்ளூமெல்னு ரெண்டு பேரு வால்வுக்கு, அதான் உம்ம பட்டனுக்கு, காப்புரிமை வாங்குனாங்க. ஜெர்மன் இசை மேதை பாக் 1750லயே போய்ச் சேர்ந்துட்டாரு. அவரு எழுதுன ட்ரம்பெட் இசை பூரா பட்டன் இல்லாத கருவிக்குத்தான். அப்ப அது ட்ரம்பெட் இல்லையா?

மவுத்பீஸ் மணி: பாக் எங்க செட்டுல வாசிக்கல. என் கையில இருக்கிறதுல பட்டன் இருக்கு.

வேதக்கோயில் ராஜ்: சங்கீதம் 150ல ‘எக்காள தொனியோடே அவரைத் துதியுங்கள்’னு தெளிவா போட்டிருக்கு. ஈஸ்டர் விடியக்காலம் எங்க கோயில்ல ட்ரம்பெட்தான் ஊதுறோம். மொழிபெயர்த்தவங்க என்ன விவரம் இல்லாதவங்களா?

கொங்கு கவி: ராஜ் அண்ணா, அந்த வசனத்துல எபிரேயத்துல இருக்கறது ஷோஃபார். அது ஆட்டுக்கடா கொம்புங்க. எண்ணாகமம் 10ல மோசே செய்யறது ரெண்டு வெள்ளி ஊதுகுழல், அது வேற. அதுக்கு பூரிகைன்னு வேற சொல்லே போட்டு வச்சிருக்காங்க.

மவுத்பீஸ் மணி: ஆட்டுக்கொம்புல பட்டன் இருக்கா? நான் கேக்குறதுக்கு மட்டும் ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்கிறீங்க.

அகராதி அண்ணாச்சி: போலீஸ் கிரவுண்டுல ஊதுற பியூகிள்லயும்தான் பட்டன் இல்ல. எகிப்து ராசா துத்தன்காமன் கல்லறைல கெடச்ச ட்ரம்பெட்டுலயும் இல்ல, அத 1939ல பிபிசி வானொலில ஊதியே காட்டுனாங்க. உலகமே அத ட்ரம்பெட்டுங்கு. உமக்கு மட்டும் பட்டன் வேணும்.

மவுத்பீஸ் மணி: போன மாசம் கிளாரினெட்டுக்கு புல்லாங்குழல்னு எழுதுன ஆளுதானே நீரு. சீவாளி வச்சு ஊதுறதுக்கும் சும்மா ஊதுறதுக்கும் வித்தியாசம் தெரியாம எழுதிட்டு, நான் கேட்டதும் பதிவையே தூக்கிட்டீரு. எல்லாம் ஞாபகம் இருக்கு.

அகராதி அண்ணாச்சி: கிளாரினெட்ல சீவாளி கிடையாது, ஒத்த நாக்கு ரீடு. ரெட்டை நாக்கு இருந்தாத்தான் சீவாளி. நல்ல வித்துவான்!

கொங்கு கவி: நான் ஒண்ணு சொல்லட்டுங்களா. யானை பிளிறறதையும் இங்கிலீஷ்ல ட்ரம்பெட்ங்கிறாங்க. அண்ணாச்சி கணக்குப்படி யானை எக்காளமா ஊதுது? தன் பெருமைய தானே பேசறத அவங்க ட்ரம்பெட் ஊதறதுங்கிறாங்க, நாம தம்பட்டம் அடிக்கறதுங்கறோம். தம்பட்டம் தோல் வாத்தியம். ஊதறது வந்து அடிக்கறதா மாறிப் போச்சு பாருங்க. அதுவும் போக நம்மகிட்ட எக்காளமிடறதுன்னா செயிச்சவன் போடற கூச்சல். சொல்லுக்குச் சொல்லு அப்படியே ஒட்டாதுங்க.

அகராதி அண்ணாச்சி: பேச்சு கருவியப் பத்தி. இதுல யானை எதுக்கு?

தூய தமிழன்: முதலில் சொல்லை ஒழுங்காக எழுதுங்கள். மெய்யெழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது. டிரம்பெட் என்றுதான் எழுத வேண்டும்.

கொங்கு கவி: டகரத்துலயும் தொடங்காதுங்களே. அப்ப என்ன, இடிரம்பெட்டா?

மவுத்பீஸ் மணி: இலக்கணத்த விடுங்க, நான் கண்ணால பாத்தத சொல்றேன். ஒரு கோயில் கொடைல எங்க செட்டுக்குப் பக்கத்துலயே எக்காளம் ஊதுற பெரியவர் ஒருத்தர் நின்னாரு, துணிப்பையிலேருந்து மூணு துண்டு எடுத்து ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி வேட்டி நுனியால தொடச்சாரு, மேலுதட்டு நடுவுல காசு கணக்கா தழும்பு, எனக்கும் அதே எடத்துல இருக்கு. ஊதிப் பாக்கியளா தாத்தான்னு என் ட்ரம்பெட்ட நீட்டுனேன். வாங்குனாரு, ஒரே ஊது, தெரு நாயெல்லாம் எந்திரிச்சிருச்சு.

அகராதி அண்ணாச்சி: ஆங்! அப்படி வாரும் வழிக்கு. எடுத்த எடுப்புல ஊதுனாரா இல்லையா? அதே உதடு, அதே தழும்பு, அதே வேலை. அதத்தானய்யா நானும் நேத்துலேருந்து சொல்லுதேன்.

மவுத்பீஸ் மணி: ஊதுனாரு. ஆனா பட்டனத் தொடவே இல்லியே! இது எதுக்கு தம்பின்னு என்கிட்டயே கேட்டாரு. அவருக்கே அது வேற சாமான்னு தெரியுது, உமக்குத் தெரியல.

வேதக்கோயில் ராஜ்: வசனத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

அகராதி அண்ணாச்சி: ஞானசம்பந்தருக்கு அரத்துறைல முத்துச்சிவிகையும் குடையும் சின்னமும் கெடச்சதுன்னு பெரியபுராணத்துல இருக்கு. அந்தச் சின்னமும் ஊதுற கருவிதான். காளம், தாரை, கொம்புன்னு இத்தன பேரு கெடக்கு நம்மகிட்ட, இவரு வெள்ளக்காரன் பேருக்குக் காவக் காக்காரு.

மவுத்பீஸ் மணி: அத்தனைலயும் தேடும். ஒண்ணுலயாவது பட்டன் இருந்தா சொல்லும்.

தூய தமிழன்: பட்டன் அல்ல. பொத்தான்.

மவுத்பீஸ் மணி: சட்டைக்கு மாட்டுறது பொத்தான். நாலரை மணிக்கு முகூர்த்தம், வால்வுக்கு எண்ணெய் விடணும், நான் வரேன்.

அகராதி அண்ணாச்சி: என் மக கல்யாணப் பத்திரிகைல எக்காளம்னுதான் அடிப்பேன், பாத்துக்கும்.

மவுத்பீஸ் மணி: அடியும். எங்க செட்டக் கூப்புடாதீரு.