தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் ஒரே வண்டி போதுமா?

சேலம்வாசி:
நண்பர்களே, தினமும் தார்ச்சாலைப் பயணம். ஞாயிறுகளில் காரவள்ளியிலிருந்து கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, மேலே பிரியும் செம்மண் பாதைகளிலும் ஓட்ட ஆசை. ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411 (2023-இல் தயாரிப்பு நின்றுவிட்டது), ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 ஆகிய இரண்டு பைக்குகளில் எதைப் பழைய வண்டியாக வாங்கலாம்?

மண்பாதைக்காரன்:
தம்பி, எக்ஸ்பல்ஸை எடுங்கள். இரண்டுக்கும் முன்சக்கரம் 21 அங்குலம்தான். ஆனால் ஹிமாலயன் ஏறத்தாழ 200 கிலோ, எக்ஸ்பல்ஸ் அதைவிடச் சுமார் 40 கிலோ குறைவு. சேற்றில் சாய்ந்த வண்டியைத் தனியாளாகத் தூக்கும்போதுதான் அந்த 40 கிலோவின் அருமை தெரியும்! நெடுஞ்சாலையில் ஹிமாலயன் ஆட்டமின்றி நிலையாக ஓடும், மறுக்கமாட்டேன். ஆனாலும் எனக்கு மண்தான் முக்கியம்.

மண்ணில் இறங்கியதும் எழுந்து நின்று ஓட்டுங்கள். முழங்கால்கள் டேங்க்கை அணைக்கட்டும், கைகள் தளர்ந்திருக்கட்டும், பார்வை தொலைவில் இருக்கட்டும். சரளையில் முன்பிரேக்கை மெல்லத் தொடுங்கள். டயர் காற்றைச் சற்றே குறைத்தால் பிடிப்பு கூடும். அளவுக்கு மீறினால் கல்லில் மோதி டியூப் நசுங்கிக் கிழியும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை நிரப்ப மறவாதீர்கள். கையில் ஒரு சிறு பம்ப் அவசியம்.

ஊர்சுற்றி:
அண்ணன் சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: காப்புக்காட்டுப் பாதைகளில் வனத்துறை அனுமதியின்றி நுழையக் கூடாது. தோட்டப் பாதை என்றால் உரிமையாளரிடம் கேளுங்கள்.

சேலம்வாசி:
மிக்க நன்றி அண்ணா. டயரை மாற்ற வேண்டுமா?

மண்பாதைக்காரன்:
இப்போது வேண்டாம். பெரிய ரப்பர்க் கட்டைகள் கொண்ட மண்பாதை டயர் ஈரத் தார்ச்சாலையில் வழுக்கும். வண்டியோடு வரும் டயர் தேயும்வரை ஓட்டுங்கள்.