பக்கத்து வீட்டு அக்காவின் தூக்கை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

கும்பகோணத்துப் பொண்ணு:
கணவருக்கு வேலை மாற்றலாகி ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்துக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. ஆற்றங்கரையில் வளர்ந்தவள் நான். பாம்பன் பாலத்தில் வரும்போது இரண்டு பக்கமும் கடலைப் பார்த்து, இங்கே நமக்கு யாரைத் தெரியும் என்று வயிற்றைப் பிசைந்தது.

அந்தப் பயத்தைப் போக்கியவர் பக்கத்து வீட்டு அக்கா. அவர் வீட்டுக்காரர் விசைப்படகில் ஆளாகப் போகிறவர். வாரத்துக்கு மூன்று நாள் கடல். அவர் கரைக்கு வந்த அன்று எங்கள் திண்ணையில் ஒரு எவர்சில்வர் தூக்கு இருக்கும். உள்ளே காரல், நகரை மீன், சில நாள் இரண்டு நண்டு. காசு நீட்டினால் அக்காவுக்கு முகம் வாடிவிடும். அதனால் தூக்கைக் கழுவி, வடகமோ சர்க்கரையோ போட்டுத் திருப்பித் தருவேன். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பாட்டி சொல்லி வளர்த்தது.

ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. அதற்கு முன் கடைசியாக வந்த தூக்கு இன்னும் என் அடுப்படியில்தான் இருக்கிறது. மூடியில் அக்காவின் அம்மா பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. கைப்பிடி ஒரு பக்கம் கழன்று, கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்க மாட்டேன் என்கிறது.

அக்கா இப்போது வாசலில் நிற்பதே இல்லை. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். அவர் வீட்டுக்கார அண்ணனையும் ஒரு மாதமாகக் காணோம். தடையால்தான் இப்படி என்று நினைத்தாலும், கடலில் சின்னப் படகுகள் போய்க்கொண்டுதானே இருக்கின்றன? நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா? தூக்கோடு ஒரு மூட்டை அரிசி வாங்கிக் கொடுக்கலாமா? யாராவது சொல்லுங்கள்.

மண்டபத்தான்:
நீங்கள் பார்க்கிற சின்னப் படகுகள் நாட்டுப்படகுகள். அவற்றுக்குத் தடை கிடையாது. விசைப்படகுகளுக்குத்தான் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் நிறுத்துகிறார்கள். அரசாங்கம் தருகிற தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு 131 ரூபாய் வருகிறது. அரிசி கொடுப்பது நல்ல காரியம்தான். யோசிக்காமல் கொடுங்கள்.

தீவுக்காரி:
தங்கையே, அரிசி மூட்டை வேண்டாம். நான் அதே தங்கச்சிமடத்தில், விசைப்படகுக்குப் போனவர் வீட்டில் பிறந்தவள். இப்போது திருப்பூரில் இருக்கிறேன்.

படகில் போகிறவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. மீன் விற்ற காசில் டீசல், ஐஸ் செலவெல்லாம் போக மிச்சத்தில்தான் பங்கு. படகு கரையேறினால் பங்கும் இல்லை, வீட்டுக்குக் கொண்டுவரும் மீனும் இல்லை. படகுக்காரருக்காவது பெயின்ட் அடிப்பது, இன்ஜின் பார்ப்பது என்று அந்த நாட்கள் ஓடிவிடும். ஆளாகப் போகிறவர் வீட்டில் அடுப்பை நினைத்துத்தான் விடியும். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும். அதனால் இங்கே தடை வந்ததும் நிறையப் பேர் கேரளாப் பக்கம் படகுக்குப் போவார்கள். உங்கள் அண்ணனும் அங்கேதான் போயிருப்பார்.

என் அம்மா அந்த இரண்டு மாதமும் மல்லிகை நாற்றுத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போவார். உங்கள் ஊர்ப் பக்கம் நடுகிற மல்லிகைச் செடிகூட எங்கள் மண்ணில் பதியம் போட்டு வந்ததாக இருக்கலாம். அம்மாவும் அப்போது வாசலுக்கு வர மாட்டார். ஒரு நாள் ஏன் என்று கேட்டேன். "கொடுத்துப் பழகின கை, சும்மா போய் நிற்கக் கூச்சமா இருக்குடி" என்றார். உங்கள் அக்காவுக்கும் அதுதான். நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

அரிசி கொடுத்தால் வாங்கிக்கொள்வார். ஆனால் அப்புறம் உங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மூட்டைதான் அவர் கண்ணில் நிற்கும். வழக்கமாக என்ன போட்டுத் தருவீர்களோ அதையே போட்டு, நீங்களே உள்ளே கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுத்துவிட்டு உடனே திரும்பாதீர்கள். அவரிடம் ஏதாவது உதவி கேளுங்கள், நிஜமாகவே உங்களுக்குத் தேவையானதாக.

இன்னொன்று. ஜூன் தொடக்கம்தான் நெருக்கடி. பள்ளிக்கூடம் திறந்துவிடும், படகு இன்னும் போயிருக்காது. உங்கள் வீட்டுக்கு நோட்டு வாங்கும்போது அக்கா பிள்ளைகளுக்கும் சேர்த்து வாங்கி, அந்தப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

மண்டபத்தான்:
தீவுக்காரி அக்கா சொல்வதுதான் சரி. நான் கணக்கை மட்டும் பார்த்துவிட்டேன்.

கும்பகோணத்துப் பொண்ணு:
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். தீவுக்காரி அக்கா, உங்கள் அம்மா சொன்னதைப் படித்து அழுதேவிட்டேன்.

நேற்று மோர்மிளகாய் போட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வாங்கி அடுப்பு மேடையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே நின்றார். "அக்கா, எட்டு மாசமா நண்டை உடைக்கத் தெரியாமதான் உடைச்சுக்கிட்டிருக்கேன், பாதி சதை ஓட்டோடயே போயிடுது" என்றேன். அது உண்மை. அவர் சிரித்துவிட்டார். நண்டு இல்லாமலே, உள்ளங்கையைக் கவிழ்த்து நண்டு மாதிரி வைத்துக்கொண்டு, எங்கே விரலைக் கொடுத்து ஓட்டைத் தூக்குவது, காலை எந்தக் கணுவில் ஒடிப்பது என்று காட்டினார். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. அண்ணன் கொல்லத்தில் படகுக்குப் போயிருக்கிறாராம். தன் சின்னவனுக்குக் கணக்கு வரவில்லை என்று அக்காவே சொன்னார். சாயங்காலம் என் பெண்ணோடு உட்கார்ந்து போடட்டும், அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை கதவைத் திறந்தால் திண்ணையில் அதே தூக்கு. உள்ளே நுங்கு. அக்காவின் தம்பி மரத்திலிருந்து இறக்கியதாம். சின்னவன் வந்து சொல்லிவிட்டு, நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நேராக உள்ளே போய்விட்டான்.