டேப்லெட் வந்த பின் உங்கள் மற்றக் கருவிகளுக்கு என்ன ஆயிற்று? (அனுபவப் பகிர்வு)

முதல் பதிவு

டேப்லெட் வைத்திருப்பவர்களுக்கு முன்கதை தேவைப்படாது. முதலில் படம் பார்க்க எடுப்போம், பிறகு மின்னஞ்சலுக்கு எடுப்போம், ஒரு மாதம் முடிவதற்குள் மடிக்கணினி மேசையின் ஓரத்துக்குப் போய்விடும். என்னுடையதும் அப்படித்தான் போயிற்று. சார்ஜரைக் கழற்றாமலே மூடியைச் சாத்தி, அதன் மேல் இரண்டு கோப்புகளை அடுக்கி வைத்தேன். எட்டு மாதங்கள் அது அப்படியே கிடந்தது.

ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் இரவில் அதைத் தேட வேண்டி வந்தது. படிவம் டேப்லெட்டின் உலாவியில் சரியாகத் திறக்கவில்லை. சான்றுகளின் நகல்களும் மடிக்கணினியில்தான் இருந்தன. எடுத்து மேசையின் நடுவில் வைத்தபோது அது ஆடியது. ஒரு மூலையை அழுத்தினால் எதிர் மூலை எழும்பியது. மேசைதான் சமமாக இல்லை என்று எண்ணி, ஒரு காகிதத்தை நான்காக மடித்து அடியில் வைத்தேன். மூடியைத் திறந்த பிறகே, டச்பேட் தன் சட்டத்தை விட்டு நகம் நுழையும் அளவுக்கு மேலெழுந்து நிற்பதைக் கண்டேன். உள்ளே பேட்டரி உப்பியிருந்தது.

விண்ணப்பம் போகவில்லை. அந்த இழப்பைக் கடந்துவிட்டேன். மடித்து வைத்த அந்தக் காகிதத்தைத்தான் மறக்க முடியவில்லை. பல ஆண்டுகள் அன்றாடம் கையாண்ட ஒரு பொருளின் வடிவம் மாறியிருப்பது, கையில் எடுத்தபோதுகூட எனக்குத் தெரியவில்லை.

மறுமொழி 1

என் வீட்டில் எந்தக் கருவியும் கெடவில்லை. ஆனால் கைப்பேசி என்பது என்னுடையதாக மட்டும் இருந்த காலம் டேப்லெட்டோடு முடிந்துபோனது என்பதை நான் மிகவும் தாமதமாகப் புரிந்துகொண்டேன்.

கைப்பேசியை யாரும் தொட மாட்டார்கள். டேப்லெட்டோ கூடத்தில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். வசதிக்காக என் செய்திக் கணக்கை இரண்டிலும் இணைத்து வைத்திருந்தேன். ஒரு மாலை அம்மா அதில் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தபோது, என் உடல் பரிசோதனையின் முடிவைப் பற்றி மருத்துவர் அனுப்பிய செய்தி திரையின் மேல்புறத்திலிருந்து இறங்கி வந்தது. முடிவு உறுதியாகும்வரை வீட்டில் சொல்ல வேண்டாம் என்று மூன்று வாரங்களாக மனத்துக்குள் வைத்திருந்த விஷயம் அது. அம்மா டேப்லெட்டைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். "எத்தனை நாளாக?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது நலமாக இருக்கிறேன். ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு வைக்கும் வசதி 2012-இல் வந்த 4.2 பதிப்பிலேயே இருந்தது என்பதை அதன் பிறகுதான் அறிந்தேன். என் டேப்லெட்டில் இப்போது செய்திக் கணக்கே கிடையாது.

மறுமொழி 2

முதலில் எழுதியவரோடு நான் உடன்படவில்லை. அவர் கதையில் டேப்லெட்டின் மேல் எந்தப் பிழையும் இல்லை. 2010 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடை அறிமுகம் செய்தபோதே, கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் நடுவில் மூன்றாவது வகைக் கருவி ஒன்றுக்கு இடம் உண்டா என்றுதான் கேட்டார். சில முக்கியமான வேலைகளை அவ்விரண்டையும்விட நன்றாகச் செய்தால்தான் அப்படி ஒரு கருவிக்குத் தேவை இருக்கும் என்றும் விளக்கினார். ஆகவே உலாவலும் மின்னஞ்சலும் வாசிப்பும் அதற்கு நகர்ந்துபோவது எதிர்பாராத விளைவு அன்று. நகர்ந்த பிறகு எஞ்சிய கருவியை எப்படி வைக்கிறோம் என்பதே கேள்வி.

நான் செய்தது அவர் செய்ததற்கு நேரெதிரான தவறு. பேட்டரி முற்றிலும் தீர்ந்த நிலையில் மடிக்கணினியை அலமாரியில் வைத்தேன். ஓராண்டு கழித்து எடுத்தபோது அது சார்ஜ் ஏற மறுத்துவிட்டது.

லித்தியம் அயனி பேட்டரிக்கு இரண்டு எல்லைகளும் ஆகாது. முழுதாக நிரம்பிய நிலையில், அதுவும் வெப்பத்தில், மாதக்கணக்கில் இருந்தால் உள்ளே வேதிச் சிதைவு விரைவாகி வாயு உண்டாகும். அந்த வாயுதான் உறையை உப்ப வைக்கிறது. முற்றிலும் தீர்ந்த நிலையில் விட்டாலோ, தானாகக் கசியும் சிறிதளவு மின்சாரமும் போய், மின்னழுத்தம் பாதுகாப்பு எல்லைக்குக் கீழே இறங்கும். பிறகு பாதுகாப்புச் சுற்றே சார்ஜ் ஏறுவதைத் தடுக்கும். எனவே நீண்ட நாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் ஏறத்தாழ 50 விழுக்காட்டில் அணைத்து, 32 பாகை செல்சியசுக்குக் குறைவான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடியும் பாதியளவுக்கு ஏற்றுங்கள். எப்போதும் சார்ஜரிலேயே இருக்க வேண்டிய கணினி என்றால், 80 விழுக்காட்டில் நிறுத்தும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது பல கணினிகளில் இருக்கிறது. மூடிய கணினியின் மேல் எதையும் அடுக்காதீர்கள். உப்பிய பேட்டரியை அழுத்தவோ, குத்தவோ, சார்ஜ் ஏற்றவோ வேண்டாம். குப்பையிலும் போடக் கூடாது, தீப்பிடிக்கும். பேட்டரி போனாலும் கோப்புகள் போகா. சேமிப்பகம் தனிப் பகுதியாக உள்ள கணினி என்றால் அதைக் கழற்றி, யுஎஸ்பி வழியாக இணைக்கும் ஓர் உறையில் பொருத்தி, வேறு கணினியில் படிக்கலாம்.

மறுமொழி 3

இந்த இழை பேட்டரியைப் பற்றியதாகிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன், ஆனால் என் கதையும் பேட்டரியில்தான் தொடங்குகிறது.

மின்தாள் திரை கொண்ட ஒரு மின்னூல் வாசிப்பான் என்னிடம் உண்டு. அதே நூல்களை டேப்லெட்டிலும் திறக்கலாம் என்று தெரிந்ததும் அதை இழுப்பறையில் வைத்துவிட்டேன். ஒரு நாள் வேறு எதையோ தேடும்போது அது கையில் பட்டது. பேட்டரி தீர்ந்தது என்று அறிவிக்கும் படம் திரையில் நின்றிருந்தது. மின்தாளுக்குப் படத்தை மாற்றத்தான் மின்சாரம் தேவை, வைத்திருக்கத் தேவையில்லை. எனவே என்னைச் சார்ஜ் செய் என்ற அந்த வேண்டுகோள், அதைத் தாங்க ஒரு துளி மின்சாரமும் இல்லாமல், எத்தனை மாதங்களாக இருட்டில் நின்றதோ தெரியவில்லை.

ஏற்றித் திறந்தால், அந்த நாவலின் பதினொன்றாம் அத்தியாயம் வந்தது. டேப்லெட்டில் அதே நாவலை எங்கே விட்டிருக்கிறேன் என்று பார்த்தேன். பன்னிரண்டாம் அத்தியாயம். இத்தனை மாதங்களில் ஓர் அத்தியாயம். நேரம் இல்லை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தத் திரையின் முன் நான் முன்பைவிட அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பத்தி முடிவதற்குள் ஓர் அறிவிப்பு வரும், அதைத் தொட்டால் வேறொரு செயலி திறக்கும், நூலுக்குத் திரும்புவது மறுநாள்தான். நாவல்களை மீண்டும் வாசிப்பானுக்கே மாற்றிவிட்டேன். வண்ணப் படங்களும் பெரிய பக்கங்களும் உள்ள பாடநூல்களுக்கு டேப்லெட்டே சிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

மறுமொழி 4

இரண்டாம் மறுமொழியில் எழுதியவருக்கு: உங்கள் குறிப்புகள் பயனுள்ளவை. ஆனால் "பிழை டேப்லெட்டின் மேல் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது சரியன்று. ஒரு கருவியில் செய்வது மற்றொன்றிலும் நடந்துவிடும் என்ற நிலை, இரண்டாவது கருவி வீட்டுக்குள் வந்த பிறகுதான் உண்டாகிறது.

என் டேப்லெட்டில் இடம் நிறைந்துவிட்டது என்ற எச்சரிக்கை வந்தது. படங்கள்தான் காரணம். கைப்பேசியில் எடுத்தவை கைப்பேசியில் இருக்கின்றன, இங்கே இருப்பவை நகல்கள் என்று நம்பி, மூன்று ஆண்டுப் படங்களை ஒரேயடியாக அழித்தேன். அவை நகல்கள் அல்ல. இரு கருவிகளும் ஒரே தொகுப்பைத்தான் காட்டிக்கொண்டிருந்தன. ஒத்திசைவு என்பது காப்புநகல் அன்று என்பதை நான் அறிந்திருக்கவில்லை. என் படச் சேவையில் அழித்தவை 30 நாட்கள் மட்டும் தனித் தொகுப்பில் இருக்கும். நான் கைப்பேசியில் அப்பாவின் படத்தைத் தேடியது 34-ஆம் நாள்.

அவருடைய கடைசிப் பிறந்தநாளில் எடுத்த படம் அது. அவர் கேமராவைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். அதை ஒரு காலத்தில் என் தங்கைக்கு அனுப்பியிருந்தேன் என்பதால், அளவு குறைக்கப்பட்ட ஒரு பிரதி அவளிடம் கிடைத்தது. பெரிதாக்கினால் கண்கள் தெளிவாகத் தெரிவதில்லை. இப்போது தனி வன்தட்டு ஒன்றில் மாதந்தோறும் ஒரு பிரதி எடுக்கிறேன்.

மறுமொழி 5

சுருக்கமாக. செய்திகளும் அழைப்புகளும் டேப்லெட்டிலேயே வந்துகொண்டிருந்ததால் கைப்பேசியை வீட்டில் விட்டுச் செல்லும் பழக்கம் வந்தது. வெளியூரில் ஒரு நாள் அவசரமாகப் பணம் அனுப்ப வேண்டியிருந்தது. ஒருமுறைக் கடவுச்சொல் (ஓடிபி) சிம் உள்ள கைப்பேசிக்குப் போனது. அது பூட்டிய வீட்டில் இருந்தது. "குறியீடு அனுப்பப்பட்டது" என்ற வரியையும், அருகில் குறைந்துகொண்டே வந்த வினாடிகளையும் பார்த்தபடி நின்றேன்.

முதல் பதிவர் மீண்டும்

இரண்டாம் மறுமொழி எழுதிய நண்பருக்கு நன்றி. பிழை என்னுடையதுதான் என்பதில் எனக்கும் ஐயமில்லை. நீங்கள் சொன்னபடி சேமிப்பகத்தைக் கழற்றி, உறையில் பொருத்திப் பார்த்தோம். கோப்புகள் அத்தனையும் இருந்தன. சான்றுகளின் நகல்களை டேப்லெட்டிலும் தனி வட்டிலுமாக இரண்டு இடங்களில் வைத்துவிட்டேன். நான்காம் மறுமொழியைப் படித்த பிறகு, அவ்விரண்டும் ஒன்றோடொன்று ஒத்திசையவில்லை என்பதை இன்று காலை ஒருமுறை உறுதிசெய்துகொண்டேன்.